மனோகர் தாத்தா, நீயும் கழுவு

பால்பல் விழாத பிள்ளை செத்தால் எங்கள் பக்கத்தில் காரியம் கிடையாது. எட்டு இல்லை, பதினாறு இல்லை. புதைத்துவிட்டு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டால் முடிந்தது. பெரியவர்கள் போனால் அப்படியில்லை. பதினாறு நாளைக்குள் பங்காளியும் வரவேண்டும், பகையாளியும் வரவேண்டும். வந்து, அந்த வீட்டு வாசலில் நின்று, அழுகிறவள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். வராவிட்டால் ஊர் கேட்கும். குழந்தைக்கு அந்தப் பதினாறு நாள் இல்லை என்பதால், வராதவனை ஏன் வரவில்லை என்று கேட்க யாருக்கும் வழியில்லை.

வசந்தா வீட்டுக்கு மனோகரன் வரவில்லை.

திருமுல்லைவாயில் ரயில் கேட்டைத் தாண்டி மேற்கே போனால் கன்னியம்மன்மேடு. ஒரு காலத்தில் கத்தரியும் கீரையும் போட்ட ஊர். இப்போது நாலு பக்கமும் அடுக்குமாடி எழும்பி, நடுவில் பழைய ஊர் ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. மழை பெய்தால் மாடிக்காரர்களின் தண்ணீரெல்லாம் இங்கேதான் இறங்கும். குழாய் போட்டார்கள், தண்ணீர் வரவில்லை. ஊருக்கு மனோகரனின் தோப்புக் கிணறுதான். அவரிடம் இரண்டு லாரி. ஒன்று தண்ணீர் லாரி, மாடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும். இன்னொன்று அந்த மாடிகளின் கக்கூஸ் தொட்டியை உறிஞ்சிக்கொண்டு வரும். கொடுப்பதும் அவரே, எடுப்பதும் அவரே. வாரம் இரண்டு நாள் ஊர்ப் பால்வாடியின் கறுப்புத் தொட்டிக்குத் தண்ணீர் தருமமாக நிரப்பிக் கொடுப்பார். தொட்டியில் வெள்ளைப் பெயிண்டால் அவர் பெயர் எழுதியிருக்கும்.

வசந்தா அந்தப் பால்வாடியில் ஆயா. அவள் புருஷன் சம்பத் மனோகரனின் தண்ணீர் லாரி டிரைவர். லாவண்யா அவர்களுக்கு ஒரே மகள், வீட்டில் லாவு.

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில், பால்வாடிப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு ஒரே நாளில் பேதி கண்டது. எட்டுப் பேர் பிழைத்தார்கள். நாலு வயது லாவண்யா பிழைக்கவில்லை. முதல் நாள், ஏதோ தின்றது வயிற்றில் ஒட்டிக்கொண்டது என்று மேனாம்பேட்டுக்குத் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் வயிற்றை நீவி, வாயால் ஊதி, எதையோ எடுத்துக் காட்டினாள். இன்றைக்குத் தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும் என்றாள். பிள்ளை “தண்ணி, தண்ணி” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வசந்தா கொடுக்கவில்லை. துணியை நனைத்து உதட்டில் மட்டும் தடவினாள். மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. உடம்பில் தண்ணீரே இல்லையே, எதற்கம்மா கொடுக்காமல் விட்டீர்கள் என்று நர்ஸ் கேட்டாள்.

கண்ணுங்களா, இந்த இடத்தை நான் சுருக்கமாகத்தான் சொல்வேன். பேதி போகிற பிள்ளைக்குத்தான் அதிகம் தண்ணீர் வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு வாய் ஓயாமல் கொடுக்க வேண்டும். அது வசந்தாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊர் என்ன சொன்னது என்றால், மழைக்காலம், எல்லா இடத்திலும் வருகிறதுதான் என்றது. வசந்தா மட்டும் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். பிள்ளைகளுக்குப் பேதி கண்ட அன்று சாயங்காலமே, யாரும் கேட்காமல், மனோகரன் ஆள் அனுப்பிப் பால்வாடித் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னார். கேட்காமல் கழுவுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. கக்கூஸ் லாரியைத் தோப்புக்குப் பின்னால் கால்வாயில் திறந்துவிடுவது ஊருக்கே தெரியும். அது கிணற்றில் இறங்கியிருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள். அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போனது ஒரு மாதம் கழித்து. தண்ணீர் சுத்தம் என்று தாள் வந்தது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் குளிப்பதற்கு மனோகரன் ஒரு லாரி தண்ணீர் அனுப்பியிருந்தார். அந்தத் தண்ணீரைத்தான் வசந்தா தலையில் ஊற்றிக்கொண்டாள். ஊற்றிக்கொண்டே நினைத்தாள்: அந்த ஆளின் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க வேண்டும், என்னால்தான் என்று. அதற்கு எத்தனை நாளானாலும் சரி.

அதற்குப் பிறகு அவள் வேலையை விட்டுவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். விடவில்லை. எட்டு மணிக்கெல்லாம் பால்வாடியைத் திறந்து பெருக்குவாள். தொட்டித் தண்ணீரை இரண்டு முறை வெள்ளைத் துணியில் வடிகட்டி, பெரிய அலுமினியக் குண்டானில் தளதளவென்று கொதிக்கவிடுவாள். கொதித்தது போதும் என்று டீச்சர் சுரேகா சொன்னாலும் அடுப்பை அணைக்க மாட்டாள்.

“தண்ணி வத்திடப் போவுதுக்கா,” என்பாள் சுரேகா. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். ஆவடியில் வாடகைக்கு இருந்துகொண்டு ஸ்கூட்டியில் வந்துபோகிறவள்.

“வத்தட்டும் டீச்சர். அதுல கீறது சாவட்டும்.”

போன ஆனியில் மனோகரனின் பேரன் தமிழரசு பால்வாடிக்கு வந்து சேர்ந்தான். அவர் மகள் திவ்யா அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இங்கிலீஷ் பள்ளிக்கூட வேனைக் கண்டாலே பையன் அலறியதால், தாத்தா வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கிற பால்வாடியில் கொஞ்ச நாள் பழகட்டும் என்று விட்டார்கள். மூன்றரை வயது. கையில் கேன் தண்ணீர் அடைத்த பச்சை பாட்டில். தாத்தா வீட்டில் யாரும் தாத்தாவின் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதில்லை.

எதிரியின் பேரன் தினமும் காலையில் அவள் மடியில் வந்து விழுந்தான். மூக்குத் துடைத்தாள். ஜட்டி மாற்றினாள். முட்டை உரித்து ஊட்டினாள். அவன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “ஆயா, ஆயா” என்று பின்னாலேயே திரிந்தான்.

ஒருநாள் மத்தியானம் அவன் பாட்டில் காலி. கொதித்த தண்ணீர்க் குண்டானும் அன்றைக்குத் தீர்ந்திருந்தது. பிள்ளை வியர்த்து வந்து நின்றது.

“ஆயா, தண்ணி.”

சுரேகா உள்ளே பதிவேடு எழுதிக்கொண்டிருந்தாள். வசந்தா தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அன்றைக்கும் இப்படித்தானே இருந்திருக்கும். பிள்ளை இரண்டு கையையும் நீட்டியது.

“தண்ணி குடு ஆயா.”

அவள் கொடுக்கவில்லை. கொடுக்காமலும் இருக்கவில்லை. டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எத்தனை நேரம் என்று அவளுக்கே தெரியாது. மனோகரன் பெரியாஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொள்வது அவள் கண்முன் ஒரு முறை வந்து போனது. அது அவளுக்கு இனிக்கவும் செய்தது. அதை மறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

பிறகு டம்ளரைச் சுவர் ஓரமாகக் கவிழ்த்துவிட்டு, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் சீல் வைத்த பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். இந்தப் பிள்ளை வழியாக மனோகரனைத் தொட வேண்டும், ஆனால் இந்தப் பிள்ளையைத் தொடக்கூடாது. அதற்கு வழி என்ன என்று மூன்று நாள் யோசித்தாள்.

வழி மேலிடத்திலிருந்தே வந்தது. பிள்ளைகள் தின்னும் முன்னும் வெளிக்குப் போய்வந்த பின்னும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவவேண்டும் என்று சுற்றறிக்கை. கூடவே ஒரு பெட்டி சோப்பு, ஒரு படம், தாளில் அச்சடித்த ஒரு பாட்டு. சுரேகா பாட்டை வாசித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“கரங்களைத் தூய்மை செய்வோம், கிருமிகளை வெல்வோம்னு இருக்கு. நம்ம புள்ளைங்க வாயில இது நுழையுமா? இருபது விநாடி எண்ணவும் தெரியாது இதுங்களுக்கு. பாட்டு முடியிற வரைக்கும் தேய்க்கணும்னாதான் நிக்கும்.”

“நான் ஒண்ணு கட்டட்டா டீச்சர்?”

“நீங்களா? பாட்டெல்லாம் வருமா?”

“நாத்து நட்ட கூட்டம் டீச்சர் எங்க கூட்டம். பாட்டு வராம எங்க பூடும்.”

மறுநாள் பழைய இருபது லிட்டர் கேன் ஒன்றில் குழாய் பொருத்தி, ஸ்டூல்மேல் ஏற்றி வைத்தாள். பேசினில் எல்லாரும் கையை முக்கிக் கலக்குகிற பழக்கத்தை அன்றோடு ஒழித்தாள். ஓடுகிற தண்ணீர், ஒரு பிள்ளைக்கு ஒரு முறை சோப்பு. வரிசையாக நிறுத்தி, சின்னக் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே பாடினாள்.

தேய்ச்சிக்கோ தேய்ச்சிக்கோ
உள்ளங்கைய தேய்ச்சிக்கோ
வெரலு சந்து தேய்ச்சிக்கோ
நகத்து உள்ள தேய்ச்சிக்கோ
தோப்புக் கெணத்துத் தண்ணி
லாரில வந்த தண்ணி
பாத்தா பளிங்குத் தண்ணி
லாவுவத் துன்ன தண்ணி
வசந்தா ஆயா நீயும் கழுவு
மனோகர் தாத்தா நீயும் கழுவு

சுரேகா செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் பாட்டு முடிந்ததும் நிமிர்ந்தாள்.

“அக்கா. இது பாட்டா, சாபமா?”

“எத்தினி விநாடி வந்துச்சி?”

“இருபத்திரண்டு.”

“ரெண்டு கூடதான் கீது. நல்லதுதான.”

“மனோகரன் சாருக்குத் தெரிஞ்சா? அது சரி, உங்க பேரு எதுக்கு?”

“நானும்தான தண்ணி குடுக்காம உட்டேன். எனக்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்.”

லாவண்யா செத்த மாதம் பதிவேட்டில் ‘காய்ச்சல்’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதியிருந்தாள். அந்த ஞாபகம் வந்ததோ என்னவோ, பாட்டை நிறுத்து என்று அவள் சொல்லவே இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதைக் கட்டி வைக்க முடியுமா? காலை முட்டைக்கு முன் ஒரு தரம். கக்கூசுக்குப் போய்வந்தால் ஒரு தரம். சோற்றுக்கு முன் ஒரு தரம். வீட்டுக்குப் போனதும் அம்மாவை இழுத்துக்கொண்டு போய், “நீ பாடல, அதனால உன் கை அழுக்கு” என்று ஒரு தரம். மாடி வீடுகளில் வேலை செய்கிற பெண்களோடு போன பிள்ளைகள் அங்கே வாஷ்பேசினில் ஏறி நின்று பாடின. மாடிப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டன. பேதி என்று விடுப்பு எடுக்கிற பிள்ளை அந்த மாதம் ஒன்றுகூட இல்லை. வசந்தா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்தான். ஆனால் அவள் காது, சுவருக்கு அந்தப்பக்கம் மனோகரன் வீட்டில் என்ன கேட்கிறது என்பதிலேயே இருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் அது கேட்டது. தமிழரசுவின் குரல், உச்சஸ்தாயியில், “மனோகர் தாத்தா நீயும் கழுவு.” முதலில் திவ்யா சிரித்தாள். பிறகு, “மறுபடி பாடு” என்றாள். அவன் பாடினான். அதற்கப்புறம் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

மறுநாள் மனோகரனின் சம்சாரம் சாவித்திரி வந்தாள். பால்வாடி மூடுகிற நேரம். வசந்தா குண்டானை விளக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னா வசந்தா, நல்லா கீறியா?”

“கீறேன் அத்தே. உக்காருங்க.”

“உக்கார வரல. இன்னாடி பாட்டு இது? ஊடு பூரா அந்தப் பையன் பாடிகினு கீறான். மாமா சோத்துல கை வெக்கக்கூட உடமாட்றான். மொதல்ல கழுவு, மொதல்ல கழுவுன்றான்.”

“நல்லதுதான அத்தே. சின்னப் புள்ள சொன்னா கேட்டுக்கணும்.”

“பேர எடுத்துடு.”

“எந்தப் பேர? எம்பேரும்தான் கீது அதுல.”

“வாயாடாத. எங்க ஊட்டுத் தண்ணியக் குட்ச்சிக்கினு, உம்புருசன் எங்க லாரிய ஓட்டிக்கினு…”

“உங்க ஊட்டுத் தண்ணிய நீங்க குடிக்கிறீங்களா அத்தே?”

சாவித்திரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“அது… மாடிக்கு ஏத்திப் புடிக்க முடியாம கேன் போட்டுக்கிறோம்.”

“லாவு செத்தப்ப நீங்க ஏன் வர்ல?”

“சின்னப் புள்ளைக்கு இன்னா காரியம்மே? பதினாறா, கருமாதியா? வர்றதுக்கு மொறை இல்லியே.”

“மொறை இல்லதான். அதான் நான் தெனம் அஞ்சி வேள பண்றேன். நீங்க வராட்டி போவுது, அது உங்க ஊட்டுக்கு வருது.”

சாவித்திரி திரும்பினாள். படியிறங்கும்போது காலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. சம்பத் விடியற்காலையிலேயே அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போய் காரப்பொடி மீன் வாங்கி வந்திருந்தான். வசந்தா பின்பக்கம் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்துச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். மாங்காய் போட்டுக் குழம்பு வைப்பதாக இருந்தாள். வெயில் ஏறி, அடுக்குமாடி நிழல் வீட்டு வாசலை விட்டு நகர்ந்திருந்தது. சம்பத் அவளுக்கு எதிரில் வந்து குந்தினான். முகம் சரியில்லை.

“அண்ணாத்தே கூப்ட்டு அனுப்சாரு.”

“எந்த அண்ணாத்தே? உன் மொதலாளியா?”

“பாட்ட நிறுத்தச் சொல்றாரு. இல்லாங்காட்டி சாவியக் குட்துட்டுப் போன்றாரு.”

“குட்துட்டு வா. திருவேற்காட்டுல லாரிக்கா பஞ்சம்.”

“அது மட்டும் இல்ல மே.”

ஒரு மீனை எடுத்து அதன் வாலைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். அவள் அதை அவன் கையிலிருந்து பிடுங்கிச் சட்டியில் போட்டாள்.

“வேற இன்னா?”

“கெணத்துத் தண்ணி இல்ல வசந்தா அது. நீ தப்பாப் பாடுற. கெணறு சுத்தம்தான். அதிகாரி எட்த்துக்கினு போனதும் நெசம்தான்.”

“அப்ப எது?”

“பைப்பு.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

அவன் தலையைத் தூக்காமலே சொன்னான். அந்த ஐப்பசியில், மழைத் தண்ணீர் ஏறி எல்லா மாடியிலும் கக்கூஸ் தொட்டி நிரம்பி வழிந்தது. இரண்டு லாரியும் ஓயாமல் ஓடின. தண்ணீர் லாரியில் தண்ணீர் இறக்குகிற ரப்பர் பைப் பிளந்துவிட்டது. புதிது வாங்க பூந்தமல்லிக்குப் போக வேண்டும். ரோடெல்லாம் தண்ணீர். மனோகரன் சொன்னார்: அந்த லாரி பைப்பைக் கழற்றி இதில் மாட்டு, வெளியில் நன்றாக அலசிவிட்டால் போதும், ரெண்டு நடைதானே. சம்பத் அலசினான். உள்ளேயும் தண்ணீர் விட்டான். வாசனை போய்விட்டது என்று மூக்கை வைத்துப் பார்த்தான். மாடிகளுக்கு வேண்டாம், கண்டுபிடித்தால் வம்பு, பால்வாடிக்குத்தானே என்று மனோகரன் சொல்ல, அந்தப் பைப்பிலேயே தொட்டியை நிரப்பினான்.

“ரெண்டு வருசமா உன் வாயில இன்னா வெச்சினு இருந்த?”

“சொன்னா நீ இன்னா ஆவியோன்னு…”

“நான் இன்னா ஆவணும் இன்னும்?”

“அண்ணாத்தே நேத்து சொல்லிட்டாரு. பாட்ட நிறுத்தலன்னா நானே வந்து உன் பொண்டாட்டிகிட்ட சொல்றேன், மாட்டுனது உன் கைதான்னு. அதான் அவரு சொல்றதுக்கு முன்னாடி…”

“அவரு சொல்றதுக்கு முன்னாடி.”

அவள் அவனைப் பார்க்கவில்லை. மீன்களை எடுத்து நாலு தண்ணீரில் அலசினாள். பிறகு கேட்டாள்:

“தொட்டி ரொப்பும்போது உள்ள பாப்பா இருந்துச்சே. உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“பாட்டு சத்தம் கேட்டுகினு இருந்துச்சி. அப்பான்னு வெளிய ஓடியாந்துச்சி. நான்தான் உள்ள போ, மழைல நனையாதன்னேன்.”

வசந்தா அழவில்லை. அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்தாள். தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் வைத்தாள். கூடவே ஒரு சொம்புத் தண்ணீரும் சோப்பும் வைத்தாள்.

“கழுவு.”

அவன் கழுவினான். சோற்றில் கை வைக்கப் போனான்.

“இன்னும்.”

மறுபடி கழுவினான். நுரை வழிந்து மணிக்கட்டுக்கு வந்தது. அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறுத்து என்று சொல்லவே இல்லை. குழம்பு ஆறிப்போனது. அவன் கை சிவந்து, சொம்பு காலியாகி, அவன் அழுதுகொண்டே இருந்தான். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பால்வாடியில் பாட்டு மாறிற்று. ‘தோப்புக் கெணத்துத் தண்ணி’ போன இடத்தில் ‘பீ லாரி பைப்புத் தண்ணி’ வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அந்த ஒரு சொல்லுக்காகவே மறுபடி மறுபடி கை கழுவக் கேட்டன. கடைசியில் இன்னொரு பெயரும் சேர்ந்தது. சுரேகா அதைக் கேட்டு வசந்தாவின் தோளைத் தொட்டாள்.

“யோசிச்சிட்டீங்களாக்கா? வீட்டுல ஒண்ணா இருக்கணும்ல.”

“ஊட்ல இருக்கட்டும். பாட்டுலயும் இருக்கட்டும்.”

புதன்கிழமைக்குள் அது மாடிகளுக்குப் போய்விட்டது. பீ லாரி பைப் என்றால் என்ன என்று ஒரு மாடிப் பிள்ளை தன் அம்மாவைக் கேட்டிருக்கிறது. அந்த அம்மாள் சங்கத்தில் கேட்டிருக்கிறாள். சங்கத்துக்காரர்கள் மனோகரனுக்குப் போன் செய்து, உங்கள் தண்ணீர் இனிமேல் வேண்டாம், இரண்டு லாரியின் பைப்பையும் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். வீட்டில் தமிழரசு பாட்டை எடுத்தாலே சாவித்திரி வாயைப் பொத்திவிடுவாள், அதனால் புதுப் பாட்டை அவர் கடைசிவரை கேட்டதில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மனோகரன் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். பிள்ளைகள் முட்டைக்காகக் கை கழுவ வரிசையில் நின்றன. சுரேகா எழுந்து நின்றாள். வசந்தா எழவில்லை, ஸ்டூல் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வசந்தா, இங்க வா. பேசணும்.”

“கை கழுவிகினு கீதுங்க மாமா. இங்கியே பேசுங்க.”

“புள்ளைங்க எதிர்ல வேணாம்.”

“புள்ளைங்களுக்குதான மாமா எல்லாம்.”

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “பாரு. தெரு மொனையில தண்ணி சுத்தம் பண்ற மிசினு ஒண்ணு வெச்சித் தரேன். ஊருக்கே. உம்பொண்ணு பேரு வேணும்னாலும் போட்டுக்க. பாட்ட நிறுத்திடு.”

“மிசின வெய்யிங்க. ஊருக்கு வேணும். எம்பொண்ணு பேரு அதுல வேணாம். உங்க பேரும் வேணாம்.”

“நிறுத்துவியா?”

“மாட்டேன்.”

மனோகரன் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு அடி கிட்டே வந்தார்.

“அப்ப நானும் சொல்றேன் கேட்டுக்க. எம்மேலதான பழி போட்டுகினு கீற? அந்தப் பைப்ப லாரில மாட்டினது யார் கை தெரியுமா? உம்புருசன் கை. கேட்டுப் பாரு போ. ஊரக் கூட்டிச் சொல்லட்டா? சொன்னா உன் ஊடு இன்னா ஆவும்?”

வசந்தா வரிசைப் பக்கம் திரும்பினாள். வரிசையில் அடுத்து நின்றது தமிழரசு. அவன் கையில் சோப்பை வைத்தாள்.

“பாடு கண்ணு.”

அவன் தாத்தாவைப் பார்த்த உற்சாகத்தில் தொண்டை கிழியப் பாடினான். வரிசையில் நின்ற பதினாறு பிள்ளைகளும் கூடச் சேர்ந்துகொண்டன. பீ லாரியில் எல்லாம் குதித்தன. லாவுவைத் தின்ற தண்ணீரைத் தாண்டி, கடைசிக்கு வந்தன.

வசந்தா ஆயா நீயும் கழுவு
சம்பத் மாமா நீயும் கழுவு
மனோகர் தாத்தா நீயும் கழுவு

மனோகரனுக்கு வாய் திறந்தபடி நின்றது. சம்பத் மாமா என்கிற இடத்தில் அவர் முகத்தில் என்ன போயிற்று என்று சுரேகா எனக்குச் சொன்னாள். கையில் வைத்திருந்த ஒரே தடியை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்ததாம்.

“புருசன் பேரையே…” என்றார்.

“ஆமா. எம்பேரு மொதல்ல. அவரு பேரு ரெண்டாவது. உங்குளுது மூணாவது. வரிசைல ஒண்ணும் தப்பு இல்லியே?”

தமிழரசு ஈரக் கையோடு ஓடிப்போய் அவர் விரலைப் பிடித்து இழுத்தான். “தாத்தா, வா. உன் பேரு வந்துட்ச்சி. கழுவு.” அவர் உதறவில்லை. பேரனைத்தான் அவரால் உதற முடியாது. அது ஊருக்கே தெரியும். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டூல்முன் வந்து குனிந்தார். வசந்தா குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கினார்.

“நான் வேணும்னு பண்ணல வசந்தா,” என்றார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. “மழை. பைப்பு கெடைக்கல. ரெண்டு நடைதான்னு நெனச்சேன்.”

“கேட்டுக்குங்க டீச்சர்,” என்றாள் வசந்தா. “பண்ணது அவருதான்னு அவரு வாயாலயே வந்துட்ச்சி.”

“கேட்டேன்,” என்றாள் சுரேகா.

இரண்டு வருஷம் காத்திருந்த சொல் அது. வந்ததும் உள்ளே ஏதாவது இறங்கும் என்று வசந்தா நினைத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. அவர் உள்ளங்கையில் நுரை மெல்லிசாக இருந்தது. நகத்துக்குள் கறுப்பாக கிரீஸ் தெரிந்தது. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிட்டேன் இல்ல,” என்றார் அவர். “இனிமேலாச்சும் நிறுத்து. எப்பதான் நிறுத்துவ?”

“புள்ளைங்க கை அழுக்காவறது நிக்கட்டும் மாமா. நிறுத்திட்றேன்.”

அவர் கையை இழுத்துக்கொண்டு நிமிரப் பார்த்தார்.

“ஆயா,” என்று கத்தினான் தமிழரசு. “தாத்தா பாட்டு முடியறதுக்கு முன்னாடியே கைய எட்த்துட்டாரு.”

“பாத்தேன்டா கண்ணு,” என்றாள் வசந்தா. குழாயை மறுபடி திறந்துவிட்டாள். “எல்லாரும் பாடுங்க. மொதல்லேர்ந்து.”